பூஞ்சேரி ரெஜினாவும் டாக்டர் கேட்ட கேள்வியும்

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நான் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்தேன். என் பெயர் பக்தவத்சலம். அந்த ஜன்னலில் ஆளின் முகம் சரியாகத் தெரியாது. கம்பிக்குக் கீழே இருக்கும் பொந்து வழியாகச் சீட்டோடு ஒரு கை வரும், மாத்திரையோடு போகும். நாளாக நாளாகக் கையைப் பார்த்தே ஆளைச் சொல்லும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. பூஞ்சேரி ரெஜினா விஷயத்தில் மட்டும் அதற்கு அவசியமே இருக்கவில்லை. வரிசையில் இருபதாவது ஆளாக அவர் நிற்கும்போதே குரல் வந்து சேர்ந்துவிடும்.

அந்தக் குரலுக்குக் காரணம் அவருடைய வேலை. மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் சுற்றியிருக்கும் புல்வெளியைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களில் அவரும் ஒருவர். புல் வெட்டுவது, தண்ணீர் விடுவது, களை பிடுங்குவது ஆகியவற்றோடு, ஈரப் புல்லில் உட்காருகிறவர்களை எழுப்பிவிடும் பொறுப்பும் அவருடையதுதான். கடல் இரைச்சலைத் தாண்டிக் கத்த வேண்டும். புல்லை மிதிக்காதே என்பதை அவர் ஆறு பாஷைகளில் சொல்வார். ஆறும் கேட்பதற்குத் தமிழ் மாதிரியே இருக்கும், ஆனாலும் வெள்ளைக்காரர்கள் எழுந்துவிடுவார்கள்.

அப்பா அம்மா பூஞ்சேரியில் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். தங்களுக்கென்று ஒரு சென்ட் நிலம் இல்லை. ரெஜினாவும் பதினாறு வயதிலேயே நடவுக்குப் போனவர். 1983இல் புல்வெளிக்குத் தினக்கூலி ஆள் எடுத்தபோது சேர்ந்து, எட்டு வருடம் கழித்து நிரந்தரமானார். "நாத்து நட்ட கைக்கு புல்லு நட்றது ஒரு வேலையா சாரு" என்பார்.

கணவர் ஸ்டான்லி அரசுப் பேருந்து ஓட்டுநர். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வரும் வண்டி அவருடையது. மனைவி பேசும் பேச்சில் பத்தில் ஒரு பங்குகூட அவர் பேசமாட்டார். ஒரே மகன் தாவீது கேளம்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு குடும்பத்தோடு அங்கேயே இருந்தான்.

ரெஜினாவுக்குச் சர்க்கரை இருப்பது 1996இல் தெரியவந்தது. அரிவாள் பட்டு இடது கட்டை விரலில் ஒரு சின்னக் கீறல். மூன்று வாரமாகியும் ஆறவில்லை. அவரோடு புல்வெளியில் வேலை பார்க்கும் சந்திரம்மா, ஒரு வியாழக்கிழமை லீவு போட வைத்து இங்கே இழுத்துக்கொண்டு வந்தார். ரத்தம் எடுத்துப் பார்த்தால் 286. ரெஜினா நம்பவில்லை.

"நாள் பூரா குனிஞ்சி நிமுர்றவ நானு. நாற்காலியில குந்திகினு கீறவங்களுக்கு வர்ற நோவு எனக்கு எப்பிடி வரும்?"

அப்போது அவருடைய எடை எண்பத்து நான்கு கிலோ. ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் நான்கு ஸ்பூன் சர்க்கரை. சனிக்கிழமை சாயங்காலமானால் ஸ்டான்லி செங்கல்பட்டு லாலா கடையில் கால் கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டு போவார். கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம் அது. சர்க்கரை வந்தபிறகும் முழுதாக நிற்கவில்லை, கால் கிலோ நூறு கிராமாகச் சுருங்கியது, அவ்வளவுதான். மாத்திரை மட்டும் தவறாமல் வாங்கிப் போவார். அடுத்த ஒன்பது வருடம் அப்படியே ஓடியது.

எங்கள் வராந்தாச் சுவரில் சர்க்கரை நோயாளிகளுக்கென்று ஒரு படம் மாட்டியிருந்தார்கள். கண், சிறுநீரகம், கால் என்று மூன்று உறுப்புகள் அதில் இருந்தன. சர்க்கரையைக் கவனிக்காவிட்டால் இந்த மூன்றும் கெடும் என்று எல்லோருக்கும் சொல்வோம். நானும் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். கேன்சர் என்ற பேச்சு அந்த வராந்தாவில் வந்ததே இல்லை. அது வேறு கட்டடத்து நோய் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2005ஆம் வருடம் மே மாதம், சர்க்கரைப் பிரிவுக்கு டாக்டர் பிரதீபா வந்தார். தென்காசிப் பக்கம். முப்பது வயதிருக்கும், மெல்லிய குரல். ஐம்பதைத் தாண்டிய பெண்களிடம் மற்றவர்கள் கேட்காத ஒரு கேள்வியை அவர் கேட்பார். அதனால் அவருடைய வரிசை மெதுவாகத்தான் நகரும். எங்களுக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்கூட இருந்தது.

ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை ரெஜினாவின் முறை வந்தது. துணைக்குச் சந்திரம்மாவும் வந்திருந்தார். உள்ளே நடந்ததை அவர்தான் பிற்பாடு எனக்குச் சொன்னார். ரெஜினா சொன்ன பதிலை மட்டும் நானே ஜன்னலுக்குள்ளிருந்து கேட்டேன்.

"அம்மா, மாதவிலக்கு நின்னு உங்களுக்கு எத்தனை வருஷம் ஆச்சு?" என்று டாக்டர் கேட்டிருக்கிறார்.

"அது ஆச்சு, அஞ்சு வருசம்."

"அதுக்கப்புறம் எப்பவாவது ரத்தம் பட்டிருக்கா? ஒரு சொட்டா இருந்தாலும் சொல்லுங்க."

ரெஜினா பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்து சந்திரம்மா பார்த்ததில்லை.

மூன்று மாதமாகப் பட்டுக்கொண்டுதான் இருந்தது. முந்தைய டிசம்பரில் கடல் பொங்கி வந்துபோன பிறகு புல்வெளியெல்லாம் உப்பு. புல் சிவந்து கருகிப்போயிற்று. மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, புதுப் புல் நட்டார்கள். வெயிலில் குனிந்த முதுகு நிமிராத வேலை. சேலையில் முதல் கறையைப் பார்த்தபோது உடம்புச் சூடு என்று நினைத்து மோர் குடித்தார் ரெஜினா. அடுத்த வாரம் மறுபடியும் பட்டது. வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார். ஐம்பத்தாறு வயதில் இதைப் போய் யாரிடம் சொல்வது என்று, கணவரிடமும் சொல்லவில்லை, சந்திரம்மாவிடமும் சொல்லவில்லை.

டாக்டர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். கடைசியில் ரெஜினா வாயைத் திறந்தார். திறந்தால் அவருக்கு ஒரே குரல்தான், கடற்கரைக் குரல்.

"பட்டுகினுதான் கீது டாக்டரம்மா. மூணு மாசமா. சூடுன்னு நெனச்சேன். இல்லாங்காட்டி எனக்கு மறுபடியும் வயசு திரும்புதோ இன்னாவோ."

வராந்தாவில் இருந்த நாற்பது பேருக்கும் கேட்டது. சிலர் சிரித்தார்கள். சந்திரம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அப்போது பெஞ்சின் கடைசியிலிருந்து ஒல்லியான ஒரு பெண் எழுந்து கதவருகே வந்து நின்றார். பெயர் வசந்தா, சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர்.

"டாக்டரம்மா, எனக்கும் அந்த அம்மா சொல்ற மாதிரியே கீது. போன தபா நீங்க கேட்டப்ப இல்லன்னு சொல்லிட்டேன். வெக்கமா இருந்துச்சு" என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. டாக்டர் இருவரையும் உள்ளே உட்காரவைத்து, பெண்கள் பிரிவுக்குச் சீட்டு எழுதினார். ரெஜினா அந்தச் சீட்டை வாங்காமல் ஒரு கேள்வி கேட்டார்.

"சக்கரைக்கும் இதுக்கும் இன்னா சம்மந்தம்? அது ரத்தத்துல கீது. இது வேற எடமாச்சே."

"சர்க்கரை வந்தவங்க உடம்புல இன்சுலின் ரொம்ப நாள் அதிகமா ஓடிட்டே இருக்கும்மா. உடம்பு எடை கூடக் கூட, இன்னொரு ஹார்மோனும் அதிகமாகும். ரெண்டும் சேந்து கர்ப்பப்பையோட உள்பக்கத்த வளரு வளருன்னு தூண்டிவிடும். தேவையில்லாம வளர்றது சில பேருக்குக் கேன்சராப் போயிடுது. சர்க்கரை இருக்கற எல்லாருக்கும் வராது. ரொம்பப் பேருக்கு வராது. ஆனா சர்க்கரை இல்லாதவங்களவிட இது ரெண்டு மடங்கு வருதுன்னு பாத்திருக்காங்க. அதனாலதான் நான் எல்லார்கிட்டயும் கேக்கேன்."

ரெஜினா யோசித்தார். "எருவும் தண்ணியும் அள்ளி அள்ளி உட்டா புல்லு கன்னாபின்னான்னு தழையும். அந்த மாதிரி."

"அந்த மாதிரிதான்."

அடுத்த வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். ரெஜினா வயதில் கர்ப்பப்பையின் உள்சவ்வு நான்கு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாதாம். அவருக்குப் பதினேழு இருந்தது. அதையும் விரலால் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, "தோச மாதிரி இருக்க வேண்டியது அடை மாதிரி கீது" என்று சந்திரம்மாவுக்கு விளக்கிச் சொன்னார். இருவருக்கும் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

பத்து நாளில் முடிவு வந்தது. வசந்தாவுக்கு இருந்தது சின்னச் சதை வளர்ச்சி, கெடுதல் இல்லாதது. எடுத்துவிட்டு அனுப்பினார்கள். ரெஜினாவுக்குக் கேன்சர், ஆரம்ப நிலை.

ஸ்டான்லியின் வண்டி செங்கல்பட்டில் இருபத்தைந்து நிமிடம் நிற்கும். அந்த இடைவெளியில் காக்கிச் சட்டையோடு வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். டாக்டர் பிரதீபா சுற்றி வளைக்காமல் சொன்னார். கர்ப்பப்பையைத் தாண்டிப் போனதாகத் தெரியவில்லை, முழுவதும் எடுத்துவிட்டால் குணமாகிவிட நிறைய வாய்ப்பு இருக்கிறது என்றார்.

"புல்லுல கோரை மொளச்சிகீது. வேரு ஆழமாப் போறதுக்கு முன்னாடி புடுங்கிடலான்றீங்க" என்றார் ரெஜினா.

"ஆமாம்மா. கோரைன்னா எனக்குத் தெரியாது. ஆனா நீங்க சொல்றது சரி."

ஸ்டான்லி எழுந்து வண்டியை எடுக்கப் போனார். அன்றைக்குத் திருக்கழுக்குன்றம் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தாமலே போய்விட்டார். இறங்க வேண்டியவர்கள் எல்லோரும் சத்தம் போட, அரைக் கிலோமீட்டர் தள்ளி நிறுத்தினார். இருபத்திரண்டு வருட சர்வீசில் அதுதான் முதல் தடவையாம்.

மறுநாள் மதியம் என் ஜன்னலில் ஒரு கை வந்தது. சீட்டு இல்லை. குனிந்து பார்த்தேன். ஸ்டான்லி.

"சார், உங்களாண்ட ஒண்ணு கேக்கணும். ஜாங்கிரி துன்னா கேன்சர் வருமா?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

"சனிக்கெழம சனிக்கெழம நான்தான் வாங்கினு போவேன். அவ கேக்கக்கூட மாட்டா. முப்பது வருசமா நானா வாங்கினு போயி குட்த்தேன். எல்லாம் என்னாலதான் சார்."

வயதான மனிதர், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் இருந்தவரை ஜன்னலைப் பார்க்கச் சொல்லிவிட்டு, அவரை டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு அவர் சொன்னதைக் கேட்டார். பிறகு, "ஐயா, நீங்களும் அதே ஜாங்கிரியச் சாப்பிட்டீங்களா?" என்றார்.

"பாதி நான் துன்னுடுவேன்."

"உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?"

"பாத்ததில்ல."

அங்கேயே பார்க்கச் சொன்னார். 102. ஒன்றும் இல்லை.

"பாத்தீங்களா? ஒரே ஜாங்கிரிதான். இனிப்பு நேராப் போய்க் கேன்சர் ஆகறதில்ல. அவங்க உடம்பு வாகு, எடை, பிறவியில வந்தது, வயசு, எல்லாம் சேந்துதான் வரும். எது எவ்வளவுன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. இனிமே அவங்க இனிப்பக் குறைக்கணும், அது சர்க்கரைக்காக. ஆனா நீங்கதான் கொடுத்தீங்கன்னு நினைச்சிட்டு இருக்காதீங்க. இன்னொண்ணும் சொல்றேன். சர்க்கரைக்கு மாத்திரை வாங்க மாசாமாசம் வந்ததாலதான் நான் கேக்க முடிஞ்சுது. இல்லன்னா இன்னும் ரெண்டு வருஷம் மோரும் வெந்தயமும் குடிச்சிட்டே இருந்திருப்பாங்க."

ஸ்டான்லி தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். டாக்டர் தண்ணீர் கொடுத்தார். இந்த 102ஐக் கேள்விப்பட்ட ரெஜினாவுக்குத்தான் கோபம். "கூடக் குந்திகினு துன்ன மனுசனுக்கு ஒண்ணுமில்லியாம், எனக்கு மட்டும் ரெண்டு நோவாம். இது எந்த ஊரு நாயம்?" என்று ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டு திரிந்தார்.

அறுவை சிகிச்சைக்குச் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே போனால், சர்க்கரை 310ல் நிற்கிறது, இப்படியே கத்தி வைத்தால் புண் ஆறாது, குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று ஐந்து வாரம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். மாத்திரையோடு இரண்டு வேளை இன்சுலின் ஊசியும் போட வேண்டும் என்றானது. போடுவது யார்? ஸ்டான்லிதான்.

எங்கள் நர்ஸ் அவருக்குச் சாத்துக்குடியில் ஊசி போடக் கற்றுக்கொடுத்தார். சாத்துக்குடி கிடைக்காத நாளில் வீட்டில் கத்தரிக்காயில் பழகியிருக்கிறார். எந்தக் காயில் ஊசி போட்டார் என்று தெரியாததால் அந்த வாரம் பூஞ்சேரி வீட்டில் கத்தரிக்காய் சமைக்கவில்லை. வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. இன்சுலின் புட்டியை ஒரு டப்பாவில் போட்டு மூடி, ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் வைத்திருந்தார்கள்.

முதல் ஊசியைப் போடும்போது ஸ்டான்லி கடைசி நொடியில் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"யோவ், பஸ்ஸையும் இப்பிடிக் கண்ண மூடிகினுதான் ஓட்றியா?" என்றார் ரெஜினா.

வாரத்தில் திங்களும் வியாழனும் செங்கல்பட்டு வந்து ரத்தம் கொடுக்க வேண்டும். கணவர் ஓட்டும் வண்டியிலேயே வந்து, அதே வண்டியில் திரும்புவார். போகும்போது ரெஜினா தன் கதையை வண்டிக்குள் சொல்லிக்கொண்டே போனதால், தினமும் வருகிறவர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. பூக்கூடைக்காரம்மா, கோர்ட்டுக்குப் போகும் குமாஸ்தா, காலேஜ் பிள்ளைகள் என்று ஆளாளுக்கு ஸ்டான்லியிடம் கேட்பார்கள்.

"டிரைவரே, இன்னிக்கி எவ்ளோ?"

"எரநூத்தி நாப்பது."

"போன தடவ எரநூத்தி அறுபதில்ல? எறங்குது, எறங்குது."

ஒரு வியாழன் 255க்கு ஏறிவிட்டது. பின் சீட்டில் இருந்து ஒருவர், என்ன சாப்பிட்டார் என்று விசாரணை நடத்தினார். ஆடி மாதம், பக்கத்து வீட்டில் வார்த்த கூழோடு கொஞ்சம் வெல்லமும் உள்ளே போனது தெரியவந்தது. அன்று வண்டியே அவருக்குப் புத்தி சொன்னது. புல்வெளிப் பக்கம் சந்திரம்மா காவல். அங்கிருந்த டீக்கடைக்காரரிடம், "யக்காவுக்கு சக்கர போட்டு டீ குட்த்த, அப்புறம் நான் பேஜார் பண்ணிடுவேன்" என்று சொல்லி வைத்திருந்தார். ரெஜினா முதலாம் நாள் சர்க்கரை இல்லாத டீயைக் குடித்துவிட்டு, "இதுக்கு வெறும் சுடுதண்ணியே மேலு" என்றார். ஆனாலும் குடித்தார். காலை நாஸ்தாவுக்குக் கேழ்வரகு தோசை இரண்டு, அதற்கு மேல் இல்லை. சாயங்காலம் கலங்கரை விளக்கம் வரை நடை.

ஐந்தாவது வாரம் திங்கட்கிழமை, 148. என் ஜன்னலில் அந்தச் சீட்டைக் காட்டிவிட்டுத்தான் வண்டிக்குப் போனார். ஸ்டான்லி வண்டியைக் கிளப்பாமல் எழுந்து நின்று, திரும்பி, "நூத்தி நாப்பத்தெட்டு" என்று சொன்னாராம். வண்டியில் எல்லோரும் கை தட்டினார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் சென்னையில் சேர்த்தார்கள். சிகிச்சைக்கு முந்தின நாள் மதியம், பார்வையாளர் நேரத்தில் ஸ்டான்லி பக்கத்தில் இருந்தார். ரெஜினா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கெழக்குப் பக்கம் இப்பத்தான் நட்ட புல்லு. சந்திரம்மாவ வுடாம தண்ணி ஊத்தச் சொல்லுய்யா" என்றார். அதை மெதுவாகச் சொன்னார். பக்கத்துக் கட்டிலுக்குக்கூடக் கேட்காத குரல். முப்பது வருடத்தில் அவளுக்கும் பயம் உண்டு என்று தனக்கு அப்போதுதான் தெரிந்தது என்று ஸ்டான்லி என்னிடம் சொன்னார். சந்திரம்மாவிடம் சொல்வதாக மட்டும் பதில் சொல்லிவிட்டு, நேரம் முடிந்தும் போகாமல் உட்கார்ந்திருந்தார். வார்டு ஆயா பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டார்.

கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்தார்கள். சுற்றியிருந்த நெறிக்கட்டிகளையும் சோதித்துப் பார்த்தார்கள். எதற்கும் பரவவில்லை. கதிர்வீச்சுக் கரண்ட் வைக்க வேண்டாம், மருந்து ஏற்ற வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்று சொன்னார்கள். தையல் ஆறத்தான் கொஞ்சம் இழுத்துவிட்டது, மூன்று வாரம் அங்கேயே இருந்தார். இரண்டாவது வாரமே அவருடைய பழைய குரல் திரும்பிவிட்டது என்று, பார்க்கப் போய்வந்த சந்திரம்மா சொன்னார். மாடிப்படியிலேயே கேட்டதாம்.

டிசம்பரில் வேலைக்குத் திரும்பினார். பாரம் தூக்கக் கூடாது என்பதால் கொஞ்ச நாள் வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வாரத்தில் தானாகவே ரப்பர் குழாயை எடுத்துக்கொண்டு கிழக்குப் பக்கம் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் எங்கள் ஆஸ்பத்திரியில் அவருடைய இரண்டாவது வேலை தொடங்கியது. மாத்திரைக்கு வரும் நாட்களில் பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் பெண்களிடம் பேச்சுக் கொடுப்பார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், சர்க்கரை வந்து எத்தனை வருடம் என்று கேட்டுவிட்டு, நேராக அந்தக் கேள்விக்கு வந்துவிடுவார். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒரு அம்மா திட்டிவிட்டு எழுந்தே போய்விட்டார். ரெஜினா கவலைப்படவில்லை. "திட்டுனா இன்னா, காதுல வுழுந்துட்ச்சில்ல. வூட்டுக்குப் போயி யோசிப்பா" என்றார்.

கூச்சப்படுகிறவர்களை வசந்தா பார்த்துக்கொண்டார். அவரும் சர்க்கரைக்குத் தொடர்ந்து வருகிறவர்தான். அவருக்கு ரகசியமாகப் பேச வரும்.

குடல், கல்லீரல் போன்ற இடங்களிலும் சர்க்கரைக்காரர்களுக்குக் கேன்சர் கொஞ்சம் கூடுதலாக வருகிறது, அது ஆண்களுக்கும் உண்டு என்று ஒருநாள் டாக்டர் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அதோடு ஆண்கள் வரிசையும் ரெஜினாவிடம் மாட்டிக்கொண்டது. பாலசுப்ரமணியன் என்று ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வருவார், மிகவும் மரியாதைக்காரர். அவரிடம் போய், "வாத்தியாரே, வெளியே போம்போது ரத்தம் கித்தம் போவுதா?" என்று கேட்டுவிட்டார். அவர் வியாழக்கிழமையைத் திங்கட்கிழமைக்கு மாற்றிக்கொண்டார். மறுமாதம் ரெஜினாவும் ஒரு திங்கட்கிழமை வந்து நின்றார். கடைசியில் வாத்தியார் டாக்டரிடம் தனியாகப் போய், கொஞ்ச நாளாகப் போகிறது என்று ஒத்துக்கொண்டார். குழாய் விட்டுப் பார்த்ததில் மூலம்தான். அதற்குப் பிறகு அவர் ரெஜினாவைப் பார்த்தால் எழுந்து இடம் கொடுப்பார்.

பெரும்பாலும் இப்படித்தான் முடிந்தது. பயப்பட ஒன்றும் இல்லை என்றே வரும். எனக்குத் தெரிந்து மூன்று வருடத்தில் இருவருக்குக் கேன்சர் இருந்தது. ஒருவருக்கு ரெஜினாவைப் போலவே ஆரம்பம், பிழைத்துக்கொண்டார். ஞானம்பாள் என்ற இன்னொருவர் ஒரு வருடம் மறைத்து வைத்திருந்தார். ரெஜினா கேட்டபோது காலம் கடந்துவிட்டது. அவர் இறந்த செய்தி வந்த நாளில் ரெஜினா மாத்திரையை வாங்கிக்கொண்டு பேசாமல் போனார். அடுத்த மாதம் வந்தபோது பொந்து வழியாகக் குனிந்து என்னைப் பார்த்து, "சாரு, அந்த சொவத்துல கீற படத்துல மூணுதான கீது. நாலாவதா ஒண்ணு எழுதி ஒட்டுங்க" என்றார்.

ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது, படித்துக் காட்டச் சொன்னார். சர்க்கரை நோயுள்ள பெண்கள், மாதவிலக்கு நின்றபின் உதிரப்போக்கு ஏற்படின் மருத்துவரை அணுகவும் என்று நான் எழுதியிருந்ததை வாசித்தேன்.

"அணுகவும்னா இன்னா சாரு?"

"போய்ப் பாரு, சொல்லுன்னு அர்த்தம்."

"அப்ப சொல்லுன்னே எழுதுங்களேன்."

வேறு தாளில் எழுதினேன். "சர்க்கரை இருக்கா? தூரம் நின்ன பிறகு ரத்தம் பட்டால் டாக்டரிடம் சொல்லு. ஒரு சொட்டு என்றாலும் சொல்லு." படத்துக்குக் கீழே ஒட்டினேன். யாரும் அனுமதி கொடுக்கவில்லை, யாரும் கிழிக்கவும் இல்லை. டாக்டர் பிரதீபா அதைப் பார்த்துவிட்டு, ஒரு எழுத்துப் பிழையை மட்டும் பேனாவால் திருத்திவிட்டுப் போனார். 2008இல் அவருக்கு மாற்றல் வந்தது. அதே வருடம் நானும் ஓய்வுபெற்றேன்.

மறுவருடம் ஆகஸ்டில் ஒருநாள் மதியம் என் வீட்டுக்குப் போன் வந்தது. எடுத்ததும் காற்று இரைச்சல், அலை இரைச்சல், அதற்கு மேலே ரெஜினாவின் குரல். போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தேன்.

சென்னையில் நான்காவது வருடச் சோதனையை முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்களாம். எல்லாம் சுத்தமாக இருக்கிறது, இனி வருடத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்களாம். ஸ்டான்லியும் ஓய்வுபெற்றுவிட்டார். வேறு யாரோ ஓட்டும் பஸ்ஸில் சும்மா உட்கார்ந்து வர அவருக்கு முடியவில்லையாம். ஒவ்வொரு திருப்பத்திலும் காலால் பிரேக் போட்டுக்கொண்டே வந்ததில், கோவளத்தில் இறங்கிவிடலாம் என்று இருவரும் இறங்கிவிட்டார்களாம்.

"இப்ப எங்க இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"கடக்கரையில குந்திகினு கீறோம் சாரு. வஞ்சிரம் வறுத்துக் குட்க்கறான். மசாலா நல்லா கீது. டாக்டரு மீனு துன்னலாம்னுதான சொல்லிகீறாரு?"

"சாப்பிடலாம். எண்ணெய் ஜாஸ்தி வேண்டாம்."

"யோவ், எண்ணெய் ஜாஸ்தி வேணாமாம், உன் துண்டத்த நீ பாத்துத் துன்னு" என்று ஸ்டான்லியிடம் சொல்வது கேட்டது. ஸ்டான்லி என்னவோ பதில் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. ரெஜினா சிரித்தார், போனை வைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது, கொஞ்ச நேரம் அந்தச் சிரிப்பும் அலையும் வந்துகொண்டிருந்தன. நானும் வைக்கவில்லை.